கொழுக்கட்டைப் பாறை வீட்டுக்கு வந்தது

மதுரையிலிருந்து நத்தம் போகிற சாலையில், மனை விற்றவர் தன் ஆசைக்குக் குறிஞ்சி நகர் என்று பெயர் வைத்துவிட்டுப் போன, மேடு என்று சொல்லிக்கொள்ள முகப்பில் ஒரு வேகத்தடை மட்டுமே இருந்த அந்தத் தட்டைக் காலனிக்குக் குன்று ஒன்று விருந்தாளியாக வந்து சேர்ந்த கதையை அங்கே இருப்பவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்; வந்தது திங்கட்கிழமை என்பார் ஒருவர், இல்லை செவ்வாய், அன்றைக்குத்தான் கேஸ் சிலிண்டர் வந்தது என்பார் இன்னொருவர்; ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் எக்ஸ்ரே மங்கையர்க்கரசியின் வாய்தான் என்பதில் மட்டும் காலனிக்குள் இரண்டு கருத்து கிடையாது.

மங்கையர்க்கரசி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். வேலைக்காலம் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் நின்று ஊராருடைய எலும்புகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து எடுத்துச் சலித்துப்போனவள், ஓய்வு பெற்ற கையோடு ஒரு கேமரா வாங்கி, இனிமேல் தோலும் நிறமும் உள்ளதைத்தான் எடுப்பேன் என்று கணவர் தவமணியிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து காலையில் காபிக்கு முன்னால் அவளைத் தோட்டத்தில்தான் பார்க்கலாம். முருங்கைப்பூவில் தேனீ, நந்தியாவட்டையில் பனித்துளி, கறிவேப்பிலையைத் தின்று கொழுத்த பச்சைப்புழு என்று எது கிடைத்தாலும் முட்டி போட்டு உட்கார்ந்து, பழைய பழக்கம் போகாமல், "அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு" என்பாள். புழுவும் மூச்சைப் பிடித்தது போலத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் புளியோதரையைக் கட்டிக்கொண்டு பழைய ஆம்னி வேனில் கண்மாய், ஓடை, சிறுமலை அடிவாரம் என்று இருவரும் கிளம்பிவிடுவார்கள். அவள் படம் எடுப்பாள், தவமணி வெயிலுக்குக் குடை பிடிப்பார். அந்திக்குள் வீடு திரும்பிவிடுவார்கள்.

இதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்கே நடந்தது என்றால், படம் எடுத்து முடித்ததும் அவள் சொன்ன வார்த்தையில்தான் நடந்தது. நாமெல்லாம் கல்யாண மண்டபத்தில், பஸ் ஸ்டாப்பில், ஜவுளிக்கடை வாசலில் யாரையாவது பார்த்துப் பேசிவிட்டுப் பிரியும்போது, "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்கிறோமே, சொல்கிறவருக்கும் தெரியும் கேட்கிறவருக்கும் தெரியும் யாரும் வரப்போவதில்லை என்று, அந்த வார்த்தையை மங்கையர்க்கரசி கண்மாய் மீன்கொத்தியிடமும் சொன்னாள், ஓடையிடமும் சொன்னாள், படம் எடுத்த எல்லாவற்றிடமும் சொன்னாள். சொன்னதோடு விடாமல், உண்மையாகவே வரட்டும் என்று நினைத்துச் சொன்னாள். அதுதான் வினை.

முதலில் மீன்கொத்தி வந்தது. கேபிள் ஒயரில் உட்கார்ந்து, பல் துலக்கிக்கொண்டிருந்த தவமணியை உற்றுப் பார்த்தது. பறவைதானே, எங்கும் வரும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் சிறுமலை அடிவாரத்து ஓடை வந்தது. கேட்டைத் தள்ளாமல் கம்பி இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, துளசிமாடத்தை மரியாதையாக ஒரு சுற்றுச் சுற்றி, துவைக்கிற கல்லோரம் கூழாங்கற்களோடு அடங்கி உட்கார்ந்தது. மங்கையர்க்கரசி "வாங்க வாங்க" என்று உள்ளே ஓடி, வந்தவர்களுக்கு முதலில் என்ன கொடுப்பார்களோ அதைக் கொண்டுவந்தாள். ஓடைக்கே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஓடை அதை வாங்கிக் குடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு பனிமூட்டம் வந்தது. அது ஹாலுக்குள் புகுந்து மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு கிடந்ததில் தெரு முழுக்கத் துணி காயவில்லை, பப்படம் நமத்துப்போனது, பக்கத்து வீட்டு ரெஜினா வந்து, "யக்கா, எங்க வீட்டு உப்பு ஜாடியெல்லாம் தண்ணியா நிக்குது" என்றாள். மங்கையர்க்கரசி பனிமூட்டத்தைப் பார்த்தாள். அதுவும் கிளம்பலாமா வேண்டாமா என்று வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றது. "போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டது. அவள் வாயால் வந்தது அவள் வாயால் போகும் என்று அன்றைக்குக் காலனி தெரிந்துகொண்டது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கொடைக்கானல் போன குடும்பம் ஒன்று ஏரியையே கூப்பிட்டுப் பார்த்தது. குற்றாலம் போனவர்கள் செல்போனை நீட்டி அருவியைக் கூப்பிட்டார்கள். ஒன்றும் வரவில்லை. கூப்பிடும்போதே சோபா நனையுமே, புதுசாகப் பெயின்ட் அடித்த சுவராச்சே என்று அவர்கள் உள்ளுக்குள் கணக்குப் போட்டது அருவிக்குத் தெரியாமலா இருக்கும்.

நலச்சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி மட்டும் எதையும் கூப்பிடவில்லை. அவர் மனிதர்களையே கூப்பிட்டதில்லை. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர், மனைவி போன பிறகு மெஸ் சாப்பாடு, தனிக்கட்டை, மங்கையர்க்கரசிக்கு நேர் எதிர் வீடு. அவர் வீட்டு கேட்டில் எப்போதும் சங்கிலி கிடக்கும். சந்தா கொடுக்க வந்தவரானாலும் சாவு சொல்ல வந்தவரானாலும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேச வேண்டும், உள்ளே வாங்க என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டவர் காலனியில் இல்லை. ஓடை வந்த அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்துவிட்டு, "பொது வழியில ரெண்டடி ஈரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குன்று வந்தது இப்படித்தான். அந்த ஞாயிறு அவர்கள் வழக்கமான வழியை விட்டு உள்ளே போய், கொழுக்கட்டைப் பாறை என்று அந்தப் பக்கத்தார் சொல்கிற குன்றைப் பார்த்தார்கள். மூன்று மாடி உயரம், உச்சியில் கிள்ளிவிட்டது போல ஒரு நுனி, இடுக்கில் ஒரு கல்லிச்சிமரம், அதில் நிறைய மைனா. மங்கையர்க்கரசி மாலை வெயிலில் அதைப் படம் எடுத்தாள், வழக்கம் போல வீட்டுக்கு வாங்க என்றாள், வந்துவிட்டாள். மறுநாளோ மறுநாளுக்கு மறுநாளோ, காலையில் காபி ஆறிக்கொண்டிருக்கும்போது, நத்தம் சாலையில் வண்டிகளெல்லாம் ஒதுங்கி நின்றன. கொழுக்கட்டைப் பாறை வந்துகொண்டிருந்தது. வேகத்தடையில் நிதானித்து, ஸ்கூல் வேன் போகும்வரை ஓரமாக நின்று, தெருவுக்குள் திரும்பி, அவள் தோட்டத்திலும் பக்கத்தில் காலியாகக் கிடந்த துபாய்க்காரர் மனையிலுமாக, செம்பருத்தியில் ஓர் இலை உதிராமல் ஒடுங்கி உட்கார்ந்தது. மைனாக்களும் கூடவே வந்திருந்தன. தவமணி, "மங்கை, நீ கூப்பிட்டவுக வந்திருக்காக" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

சொம்பும் கையுமாக வெளியே வந்தவள், தண்ணீரை ஊற்றப்போன இடத்தில் நின்றுவிட்டாள். குன்றின் விலாவில் மேலிருந்து கீழாக வரிசையாகத் துளைகள் இருந்தன, வெடி வைப்பதற்காகப் போட்ட துளைகள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே மயிரிழை போல விரிசல் ஓடியது. அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். எத்தனையோ பெண்கள் அவள் முன்னால் வந்து பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக் கையை நீட்டியிருக்கிறார்கள். எலும்பு வேறு கதை சொல்லும். அந்தக் கையை ஒடித்தவனே வெளியே ஆட்டோவை நிறுத்திக்கொண்டு, ஆச்சா, கூட்டிட்டுப் போகலாமா என்று நிற்பான். படத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பாள்.

"இது சும்மா வரலைங்க. அடிபட்டு வந்திருக்கு" என்றாள் தவமணியிடம்.

காலனி முதலில் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. குன்றின் தெற்குச் சரிவு வெயிலில் நன்றாகச் சூடேறும் என்று கண்டுபிடித்த பெண்கள் அதில் வேட்டி விரித்து வடகம் பிழிந்தார்கள். பௌர்ணமி வந்ததும் யார் சொன்னார்கள் என்று தெரியாமலே சாயங்காலம் கிரிவலம் ஆரம்பித்துவிட்டது, சர்க்கரை வியாதிக்காரர்கள் அதைத் தினமும் ஆக்கிக்கொண்டார்கள். யாரோ ஒரு உண்டியலைக் கொண்டுவந்து வைத்தார்கள், மங்கையர்க்கரசி அதைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்து, "விருந்துக்கு வந்தவுக முன்னால யாராவது உண்டியல் வைப்பாகளா" என்று கேட்டாள். தெய்வசிகாமணி குன்றைச் சுற்றி டேப் பிடித்து நான்கடி ரோட்டில் இருப்பதாகச் சொன்னார். மேற்குப் பார்த்த அவர் வீட்டின் மேல் மூன்று மணிக்குக் குன்றின் நிழல் விழுந்ததையும் அளந்து, "நிழலும் ஆக்கிரமிப்புதான்" என்று சங்கத்தில் பதிவு செய்தார். ஆனால் வருடக்கணக்காக மத்தியான வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்த வாசலுக்கு அவருடைய சாய்வு நாற்காலி மெதுவாக நகர்ந்து வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவரும் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

இந்த நிம்மதிக்கு நடுவில்தான் கான்ட்ராக்டர் வீரசேகர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வண்டி, மரியாதையான பேச்சு. குத்தகைத் தாளை எடுத்து நீட்டினார்.

"அம்மா, நம்ம குன்று வழி தவறி உங்க வீட்டுக்கு வந்துருச்சு. வேல பாதியில நிக்குது. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கூட்டிட்டுப் போகலாம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் மங்கையர்க்கரசி குன்றுக்கு முன்னால் வந்து நின்றாள். "வழி தவறல. நான் கூப்பிட்டு வந்தவுக" என்றாள்.

"நீங்க போயிட்டு வாங்கன்னு சொன்னாப் போயிரும்னு சொல்றாகளே. ஒரு வார்த்தைதானம்மா."

"எனக்கு வாய் வரலங்க."

அவர் சிரித்தபடி ஜன்னல் வழியாக அவள் சமையலறையைப் பார்த்தார். "உங்க அடுப்பு மேடை என்ன கல்லும்மா? நம்ம சரக்கு மாதிரி இருக்கு."

"இருக்கலாம். அது கல்லா வந்துச்சு. இவுக விருந்தாளியா வந்திருக்காக" என்றாள் அவள்.

வீரசேகர் தாளை மடித்துக்கொண்டார். துபாய்க்காரரிடம் மனையை விலை பேசி முடித்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து துளை போட்டு இங்கேயே வெடி வைத்து எடுத்துக்கொள்வோம், சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களுக்கு நான் பொறுப்பில்லை என்று, குரலை உயர்த்தாமலே தெருவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. நேற்றுவரை குன்றைச் சுற்றி நடந்த கால்களெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டன. ரெஜினாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யக்கா, எம்மக பிரசவத்துக்கு வந்திருக்கா. ஏற்கெனவே சுவர் விரிசல் விட்டுக் கெடக்கு. மூடுபனிய அனுப்புனீகள்ல, அதே மாதிரி இதையும் அனுப்பிருங்க. நான் கெஞ்சிக் கேக்குறேன்."

"மூடுபனி போகணும்னு நின்னுச்சு, வழியனுப்பினேன். இவுக போக மாட்டேன்னு உக்காந்திருக்காக. போனா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியும்" என்றாள் மங்கையர்க்கரசி.

தெய்வசிகாமணி தொண்டையைக் கனைத்து, சங்கத்தின் கருத்து என்னவென்றால் என்று ஆரம்பித்தார். அவள் எழுந்துவிட்டாள். "சங்கம் என்ன வேணாலும் எழுதிக்கிடட்டும் சார். வேல பார்த்த காலம் பூராவும் ஒடஞ்ச கைய ஒடச்சவன்கிட்டயே திருப்பி அனுப்புற எடத்துல நின்னேன். அது கவர்மென்ட்டு ரூம்பு. இது எங்க வீடு. எங்க வீட்ல அது நடக்காது." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், புளியை ஊறப்போட்டாள்.

"எதுக்குப் புளி?" என்று தவமணி கேட்டார்.

"ஞாயித்துக்கிழம வர்றவுக நெறயப் பேரு இருப்பாக."

ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்டரில் கம்ப்ரசரும் துளைபோடுகிற ஆட்களும் துபாய்க்காரர் மனையில் வந்து இறங்க, பின்னாலேயே வெள்ளை வண்டியில் வீரசேகர் வந்தார். காலனி முழுக்க மாடியிலும் வாசலிலும் நின்றது. "சொல்லுங்கம்மா, கடைசியாக் கேக்குறேன்" என்றார் அவர்.

மங்கையர்க்கரசி நிதானமாகக் கேமராவோடு வந்தாள். குன்றை நேராகப் பார்த்து, "அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. படம் எடுத்தாள். பிறகு கேமராவை இறக்கி, தவமணியின் கையில் கொடுத்துவிட்டு, எந்த வீட்டுக்காரியும் விருந்தாளி எழப்போகிறாரோ என்று தோன்றும்போது சொல்கிற வார்த்தையைச் சொன்னாள்.

"இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

குன்று அதைக் கேட்டது. அதுவரை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது, சம்மணம் போட்டது போல அகன்று, ஒரு சாண் தரைக்குள் இறங்கி வசதியாக உட்கார்ந்துகொண்டது. ஓடையில் தண்ணீர் தளும்பியது. மைனாக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழையபடி மரத்தில் அமர்ந்தன.

வீரசேகர் கையைக் காட்டினார். ஆட்கள் துளைக்கருவியைத் தூக்கினார்கள். அவர்களுக்கு முன்னால் அவள் வாழையிலைகளோடு போய் நின்றாள். "உங்களையும் சேத்துத்தான் சொன்னேன். விடியக்காலம் கெளம்பி வந்திருப்பீக. வெறும் வயித்தோட என்ன வேல? உக்காருங்கப்பா." நல்லெண்ணெய் மணக்கும் அண்டாவைத் தவமணி இழுத்துக்கொண்டு வந்தார். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு குன்றின் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அனுப்பிவிடச் சொல்லி அழுத ரெஜினா அதைப் பார்த்துவிட்டு, "வெறும் புளியோதரைய வச்சா நல்லாவா இருக்கும்" என்று உள்ளே போய் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துவந்தாள். அவள் பின்னாலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு பாத்திரம் வந்தது, மோர் வந்தது, ஊறுகாய் வந்தது, முந்தாநாள் குன்றைப் போகச் சொன்னவர்களின் கைகளெல்லாம் இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்று குனிந்து பரிமாறின. வீரசேகர் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவி வந்த மூத்த ஆள், துளைக்கருவியை எடுத்து டிராக்டரில் திருப்பிப் போட்டார்.

"என்னய்யா செய்யிற?" என்றார் வீரசேகர்.

"கை நனைச்சிட்டோம்ணே. இனி இந்த வீட்ல எப்படி?" என்றார் அவர். மற்றவர்களும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

வீரசேகருக்கு இப்போதும் கோபம் வரவில்லை. வடக்கே விரலை நீட்டினார். காலனி மாடிகளுக்கு அப்பால், வானத்தின் விளிம்பில், கொழுக்கட்டைப் பாறையின் கூடப்பிறந்ததுகள் போல வரிசையாகக் குன்றுகள் நின்றன. நடுவில் பெரிதாக, ஆனைப்படுக்கை என்கிற குன்று. "நல்லா விருந்து வைங்கம்மா. ஒண்ணுதானே போச்சு. அம்புட்டும் நம்ம குத்தகைதான். நாளைக்குக் காலையில வேற ஆள வச்சு ஆனைப்படுக்கையில ஆரம்பிக்கிறேன். அதையும் உங்க கறிவேப்பிலச் செடிக்குப் பக்கத்துல வைக்க எடம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

இடம் இல்லை என்பது உண்மைதான். மங்கையர்க்கரசி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஓடை, குன்று, செம்பருத்தி, துவைக்கிற கல். ஆனைப்படுக்கையின் ஒரு காலை வைக்கக்கூட இடமில்லை. கூப்பிட்டுவிட்டு இடமில்லை என்று சொல்ல அவளால் முடியாது. அன்றைக்கு முதன்முறையாக அவள் படியில் உட்கார்ந்து அழுதாள்.

மணி மூன்றாகியிருக்க வேண்டும், குன்றின் நிழல் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசலை எட்டியிருந்தது. சாய்வு நாற்காலியிலிருந்து தெய்வசிகாமணி எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சங்கிலியை நீக்கி, கேட்டை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து வெளியே வந்தார்.

"தவமணி, வேன்ல எடம் இருக்கா?"

"எங்க சார் போகணும்?"

"உங்க ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கிழமன்னா ஊர் சுத்தற பழக்கம்தானே. இன்னைக்கு இன்னும் போகலயே" என்றார்.

இப்படித்தான் குறிஞ்சி நகர் மொத்தமும் சுற்றுலா கிளம்பியது. ஆம்னி முன்னால் போக, ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் பின்னால் போயின. மிச்சமிருந்த புளியோதரையையும் கட்டிக்கொண்டார்கள். வெயில் மஞ்சளாகும் நேரத்தில் குன்றுகளின் அடிவாரத்தில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கமாகச் செல்போனைத் தூக்கினார்கள். இந்த முறை யாரும் சோபாவை நினைக்கவில்லை. ரெஜினா, குட்டியாக ஒரு குகை வைத்திருந்த சின்னக் குன்றைப் பார்த்து, "வீட்ல பச்சப்புள்ள வரப்போகுது, கொஞ்சம் நெருக்கமாத்தான் இருக்கும். பரவாயில்ல, வாங்க" என்றாள்.

தெய்வசிகாமணி மங்கையர்க்கரசியிடம் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆனைப்படுக்கையின் முன்னால் தனியாகப் போய் நின்றார். வாழ்நாளெல்லாம் நிலத்தை அளந்தவர், அதைச் சும்மா நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அதன் முதுகில் புல் பொன்னாகக் கிடந்தது, விலாவில் ஒரு சுனை பளபளத்தது, உச்சியில் ஒரு கழுகு அவசரமில்லாமல் வட்டமிட்டது. "கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார். அடுத்த வார்த்தை வரவில்லை. யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை. எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பது போலக் காட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்க வீட்ல நான் ஒரு ஆள்தான். எடம் நெறயக் கெடக்கு" என்றார் கடைசியில். "வீட்டுக்கு வாங்க. இன்னொரு நாள்னு வேணாம். இன்னைக்கே வாங்க."

ஆனைப்படுக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவுக்குள் வந்து இறங்கியதும் அவர் தன் வீட்டு கேட்டிலிருந்து சங்கிலியைக் கழற்றிச் சாக்கடைக்குள் போட்டார். துருப்பிடித்த இரண்டு கதவுகளையும் தோளால் தள்ளி அகலத் திறந்துவைத்தார். சாய்வு நாற்காலியை ஓரமாக நகர்த்தி இடம் செய்தார். பிறகு உள்ளே போய், மனைவி இருந்த காலத்துப் பித்தளைச் சொம்பைத் தேடி எடுத்து, கழுவித் துடைத்து, தண்ணீர் நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எதிரே மங்கையர்க்கரசி கேமராவோடு நின்றாள். நத்தம் சாலையில், வேகத்தடைக்குப் பக்கத்தில், வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட ஆரம்பித்தன.